வீடு தேடிப் போகும் புதுப் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே,

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு மாத்திரை வாசலுக்கே போகிறது. என் கவலையெல்லாம் இன்னும் நோய் வராதவர்களைப் பற்றித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் நாம் சொல்கிற 'பார்டர்', அதாவது நோயின் விளிம்பில் இருப்பவர்கள். நீங்கள் மாத்திரை கொடுக்கும் அதே வீட்டில், அவருடைய மகனாகவோ தங்கையாகவோ உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். உங்கள் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

1. முதல் நாளே "சோத்தை நிறுத்துங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். 2011 ஜூனிலிருந்து ரேஷன் கடையில் அரிசி இலவசம். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் போய்த் தினையும் வரகும் வாங்கச் சொன்னால், மறுமுறை கதவு திறக்காது. முதலில் மதியத் தட்டைப் பாருங்கள். நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிய சோறு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல். இதில் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றுச் சோறு தானாகக் குறையும், ரசமும் போகாது. குறைந்த இடத்தில் கீரையோ சுண்டலோ முட்டையோ வரட்டும். பொரியலைக் குழிக்கரண்டியால் இரண்டு கரண்டி வைக்கட்டும். ராத்திரிக்குச் சப்பாத்தி என்று மாறுபவர்களிடம் எத்தனை என்று கேளுங்கள். ஐந்தாறு சப்பாத்தி தின்றால் சோற்றை விட்டதில் பயனில்லை.

2. கரண்டி யார் கையிலோ அவரிடம் பேசுங்கள். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்பதுதான் பாசம். அதைச் சொல்லாதே என்றால் எந்த அம்மாவும் கேட்க மாட்டார். சொல்லும்போது கையில் பொரியல் சட்டி இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், செய்வார். இன்னொன்று. எல்லாரும் எழுந்த பிறகு அவர் உட்காரும்போது பொரியல் தீர்ந்திருக்கும். மிஞ்சிய சோற்றையும் அடிக்குழம்பையும் மூன்று மணிக்குமேல் சாப்பிடுகிற அந்த அம்மாவுக்குத்தான் நீங்கள் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவருக்குத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

3. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்பவரை விட்டுவிடாதீர்கள். நம் மக்களுக்குக் கைகால் மெலிந்தே இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80; அதைத் தாண்டினால் பரிசோதனை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைக்க வேண்டும். சேலை கட்டியவர்களை உள்ளறைக்கு அழைத்துப்போய் அளந்துவிடுங்கள், கூடத்தில் வேண்டாம்.

4. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், மூன்றுமே சர்க்கரையை ஏற்றும். பாகற்காயும் வெந்தயமும் சாப்பிடுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள், நல்ல உணவுதான். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் கூடாது.

5. நாற்று நட்டுவிட்டு வந்த பெண்ணிடம் "நடங்க" என்று சொல்வது கொடுமை. நாள் முழுக்கத் தையல் மெஷினிலோ கடை கல்லாவிலோ உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள். தெருவில் தனியாக நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர் தயங்குவார். அந்தத் தயக்கம் நிஜமானது. பக்கத்து வீட்டுக்காரியைச் சேர்த்துவிடுங்கள். மொட்டை மாடி, கோயில் பிரகாரம், பிள்ளையைப் பள்ளியில் விடும் வழி, எதுவானாலும் சரி. அரை மணியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

6. நோன்பு வைப்பவரிடம் ரமலானுக்கு முந்திய மாதமே போங்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இதை ஜமாஅத் பெரியவர் வாயால் சொல்ல வைத்தால் நல்லது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நோன்பு தொடங்க வேண்டும்.

7. கர்ப்ப காலத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் வந்த பெண்களின் பெயரைத் தனியாக எழுதிவையுங்கள். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் மிக அதிகம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும்போதே தாய்க்கும் பார்த்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.

8. பரிசோதனை முடிவை வாசலில் நின்று சத்தமாக வாசிக்காதீர்கள். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில் இது உயிர் போகிற விஷயம். சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

9. "எங்கப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தான் போகுது" என்பார்கள். அப்போது சென்னையில் நடந்ததைச் சொல்லுங்கள். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். அதோடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த குழுவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 100 பேரில் 16 பேர் அந்த மூன்று ஆண்டில் தப்பியிருக்கிறார்கள், நம் சோறும் குழம்பும் சாப்பிடுகிற ஊரிலேயே. அப்பாவுக்கு வந்தது மகனுக்கு வந்தே தீரும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் தயக்கம் இருக்கக் கூடாது.

10. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை வந்தவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். தேதியைச் சொன்னால் மறந்துவிடுவார்கள். கடைசிப் பிள்ளையின் பிறந்தநாள் எந்த மாதம் என்று கேட்டு, அந்த மாதத்தில் வரச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.