இருமுறை எழுந்த கதிரவன்

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமோ ஊர்தியின் விரைவையும் காற்றின் போக்கையும் பொறுத்து மாறும். ஆஸ்திரேலியாவின் மேலைக் கரையில் பெர்த் என்னும் நகரம் உள்ளது. இலங்கையின் தென்கரையில், காலித் துறைமுகத்திற்கு அண்மையில், கொக்கலை என்னும் ஏரி உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். இக்காலத்து ஜெட் விமானம் இதனை ஏழு மணி நேரத்தில் கடந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே அவ்வழியாக நடந்துவந்த விமானப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. அதனை இலங்கை வழியாக மீண்டும் இணைக்கும் பொறுப்பைக் குவாண்டாஸ் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஏற்றது. வழியெல்லாம் கடல், அஞ்சாது இறங்கி எரிபொருள் நிரப்ப இடமில்லை. ஆதலின் இடைநில்லாது பறப்பதென்று முடிவாயிற்று. 1943 ஜூன் 29ஆம் நாள் முதற்பயணம் தொடங்கிற்று.

அப்பணிக்கு அமைந்தவை காட்டலினா என்னும் விமானங்கள் ஐந்து. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் இயல்புடைய அவை, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரே செல்வன. 5,600ஐ 200ஆல் வகுத்தால் 28 கிடைக்கும். எதிர்காற்று வீசினால் அந்த 28 மணி நேரமும் நீளும். ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் வரை நீண்டது! அத்துணை நேரத்திற்கும் வேண்டிய பெட்ரோலைச் சுமந்த விமானத்தில் வேறு சுமைக்கு இடமேது? பயணியர் மூவரையும் சிறிதளவு அஞ்சலையும் அன்றி வேறொன்றும் ஏற்ற இயலவில்லை.

விமானத்தில் படைக்கலம் இல்லை. பகைவர் செவிப்படலாகாதென வானொலியும் பெரும்பாலும் வாளாவிருந்தது. பகைவிமானங்கள் உலவும் பகுதியை இருளிற் கடக்குமாறு புறப்படும் வேளையை வகுத்தனர். இருண்ட கடலின்மேல் வழி காட்டுவார் யார்? விண்மீன்களின் உயரத்தைக் கருவியால் அளந்தே தாம் செல்லும் இடத்தைக் கணித்தறிந்தனர். அம்மீன்களின் பெயர்களையே விமானங்களுக்கும் இட்டிருந்தனர். அவற்றுள் ஸ்பைக்கா, அன்ட்டாரீஸ், ஆல்ட்டேர் என்பவை நம்மவர் முறையே சித்திரை, கேட்டை, திருவோணம் என வழங்கும் மீன்களே. வானநூல் அறிவு ஏட்டளவில் நின்றிருப்பின் அம்மாலுமிகள் கரை கண்டிரார்.

ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை எழக் கண்ட பயணியருக்கு, அதனைக் குறிக்கும் சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது.

1945 ஜூலை வரை இவ்விமானங்கள் 271 முறை இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. ஒன்றேனும் வீழவில்லை; ஓருயிரும் அழியவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கைக்கு இணங்க, அவை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் இழுத்துச் செல்லப்பட்டுக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.