வளவு வாழ்க்கையும் சிறார்மேல் வரும் முறையீடும்

ஆமத்தூர் போன்ற ஊர்களில், ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வளவுகளில், சிறாரைப் பற்றிய முறையீடு எழுவது இயல்பே. அதனை ஆராயுமிடத்து, ஓசை வேறு, தீங்கு வேறு எனப் பகுத்தறிதல் முதற்கடன் என்பது எம் துணிபு.

விளையாட்டொலி பொறுக்கத்தக்கது. குழந்தைகள் காப்பகங்களிலும் விளையாட்டிடங்களிலும் எழும் சிறாரொலியைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கொள்ளலாகாதென ஜெர்மனி 2011இல் சட்டமே இயற்றிற்று. வெடிக்காத பட்டாசைத் திரட்டி, மருந்தைப் பிரித்துக் கொளுத்துவதோ அத்தகையதன்று. அது கண்ணையும் கையையும் பறிக்கும். பட்டாசுத் தொழில் மலிந்த இவ்வட்டாரத்தில், கண்டவர் எவராயினும் அக்கணமே தடுத்தல் வேண்டும்.

ஏனைய குறைகளைப் பலரறியத் தூற்றாது, பெற்றோரிடம் தனித்துரைத்து, சிறுவர் சொல்லையும் கேட்டபின் தீர்ப்பதே முறை. மக்கட்பேறு பாடிய திருவள்ளுவரே நடுவுநிலைமையும் பாடினார். தம் மக்கள்மேல் முறையீடு வருங்கால், பெற்றோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைப்பாராக.