உப்புக் காற்றில் ஓர் ஒப்டோகப்ளர்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் கிணற்று மோட்டாருக்கு 230 வோல்ட் வந்திருக்கிறதா என்பதை 3.3 வோல்டில் ஓடும் சிறு பலகை அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்க மின்சுற்றுகளையும் ஒளியால் மட்டும் இணைக்கும் ஒப்டோகப்ளர் சிப் இதற்கு வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது பீ.சீ.817. ஆனால் அதன் உள்ளே ஒரே ஓர் எல்.ஈ.டி.தான், ஆடலோட்டத்தின் மறு அரைச்சுற்றில் அது தலைகீழ் அழுத்தத்தில் மாட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு எதிரெதிராக இரண்டு எல்.ஈ.டி. உள்ள பீ.சீ.814 பொருத்தம். அடுத்து, தரவுத்தாளில் மின்னோட்ட விகிதத்தை, அதாவது எல்.ஈ.டி. மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் வெளியீட்டுக்குக் கிடைக்கும் என்பதை, பாருங்கள். எல்.ஈ.டி.யில் 1 மில்லி அம்பியர் ஓடும்போது விகிதம் 20 முதல் 300 சதவீதம் வரை என்றிருக்கும். உங்கள் கையில் இருக்கும் துண்டு இந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. எனவே கணக்கை 20-இல்தான் போட வேண்டும்.

47 கிலோ ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக வையுங்கள். ஏறத்தாழ 2.4 மில்லி அம்பியர் ஓடும். ஒவ்வொன்றிலும் கால் வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் எழும். ஆகவே 1 வாட் தடையி எடுங்கள். 20 சதவீதத்தில் வெளியீட்டுக்குக் கிடைப்பது அரை மில்லி அம்பியருக்குச் சற்றுக் குறைவு. எல்.ஈ.டி. வயதாகி ஒளி மங்கும் என்று பாதியைக் கழித்தால் மிஞ்சுவது கால் மில்லி அம்பியர் மட்டும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் 10 கிலோ ஓம் இழுப்புத் தடையிக்கு 0.33 வேண்டும். மேசையில் இன்று வேலை செய்யும் சுற்று சில வருடத்தில் திக்குவது இதனால்தான். 22 கிலோ ஓம் போட்டால் 0.15 போதும்.

எல்.ஈ.டி.க்கு மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரட்டிப்பாக்கினால் தடையிகளில் வெப்பமும் இரட்டிக்கும், எல்.ஈ.டி.யும் சீக்கிரம் கிழடாகும். இழுப்புத் தடையியை உயர்த்துவதில் வேகம் மட்டும் குறையும். வினாடிக்கு 100 முறை துடிக்கும் இந்த வெளியீட்டுக்கு அது பொருட்டில்லை. துடிப்புகளுக்கு இடையே வெளியீடு எழும்பித் தாழும் என்பதால், 30 மில்லி வினாடி துடிப்பே இல்லாவிட்டால் மட்டும் கரண்ட் போய்விட்டதாக மென்பொருள் முடிவெடுக்கட்டும்.

மோட்டாரை இயக்கும் ரிலே பலகையிலேயே ஒப்டோ இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அதில் ஜே.டி.-வீ.சீ.சீ. என்று எழுதிய இடத்தில் ஜம்பர் செருகியிருந்தால் ரிலேச் சுருளும் 3.3 வோல்ட் சிறு பலகையும் ஒரே மின்வழங்கலைப் பகிர்கின்றன. அந்த ஒப்டோ வெறும் அலங்காரம்.

கடற்கரையில் மெத்தனம் கூடாத இடம் கால்களுக்கு இடையிலுள்ள வெளி. இரு வரிசைக் கால்களுக்கும் நடுவே 7.62 மில்லிமீற்றர் உண்டு. ஈரமும் உப்பும் படிந்தால் அந்த மேற்பரப்பே கடத்தும். ஓட்டைப் பலகையில் சிப்புக்கு அடியில் ஓடும் செம்புக் கீற்றுகளைச் சுரண்டி எடுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு பிளவு அறுங்கள். பற்றவைப்புப் பசையைக் கழுவி, உலர்த்தி, பிறகு வார்னிஷ் பூசுங்கள். கழுவாமல் பூசினால் அழுக்கைப் பூட்டி வைத்ததுபோல் ஆகும். உயர் மின்பக்கம் முழுவதும், நடுநிலைக் கம்பி உட்பட, தொடக்கூடாதது. பிளக்கைச் செருகுமுன் உயர் மின்பக்க நடுநிலைக் கம்பிக்கும் சிறு பலகையின் புவிக்கும் இடையே மல்டிமீற்றர் வையுங்கள். அது எந்த ஓம் அளவைக் காட்டினாலும் எங்கோ ஒரு கம்பியோ ஈரக் கசிவோ தாண்டி வந்திருக்கிறது.