நிற்கிற கால்களுக்கு

நாகர்கோவில்
ஜூன் 20

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்ட பிறகு, எழுதி அனுப்பினால்தான் எடுத்துவைத்துத் திரும்பப் படிப்பாய் என்று தோன்றியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது, நாலு எட்டு நடந்தால் குறைகிறது. ராத்திரி கடை அடைக்கும்போது கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுக்குகிறது. விரலிடுக்கில் வேறு அரிப்பு. “ஜவுளிக்கடை வேலைன்னா அப்படித்தான், எல்லாருக்கும் இருக்கு” என்று ஹாஸ்டல் பிள்ளைகள் சொன்னார்களாம். எல்லாருக்கும் இருப்பதால் அது வியாதி இல்லை என்று ஆகிவிடாது, மக்ளே. வார்டில் நின்றே உத்தியோகத்தை முடித்தவள் நான். இந்தக் கால்வலிகளை எனக்குத் தெரியும்.

முதலில் குதிகால். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. நாளெல்லாம் நின்றால் அது குதிகாலில் ஒட்டியிருக்கிற இடம் நொந்துபோகும். தூக்கத்தில் அது சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் இழுபடும். எக்ஸ்ரே எடுத்து “எலும்பு வளர்ந்திருக்கு” என்று யாராவது சொன்னால் பதறாதே. அந்த முள் இருக்கிற பலருக்கு வலியே கிடையாது, வலிக்கிற பலருக்கு முள் கிடையாது. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணு; பத்துத் தடவை செய். பிறகு சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை இழு. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சில மாதங்களில் அடங்கும். ஒரு வருஷம்வரை போனவர்களும் உண்டு. பொறுமை வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சட்டென்று நிற்கும் என்பார்கள். நிற்கத்தான் செய்யும். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நாரே கிழியலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் தேயலாம். கடைசி வழியாக இருக்கட்டும்.

புடவைப் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் தரையில் நிற்கச் சொல்கிறார்கள் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. சாக்ஸ் போட அனுமதி கேள். அதற்குள் வைக்கிற சிலிக்கான் குதிகால் மெத்தை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வெளியே போட, தட்டையாகத் தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். அடி தடித்து, குதிகால் கொஞ்சம் உயர்ந்த செருப்பு வாங்கு. சாயங்காலம் கால் வீங்கியிருக்கிற நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்கு.

இனி வீக்கம். காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் கீழே தேங்கி, சிரைக்குள் இருக்கிற வால்வுகள் வருஷக்கணக்கில் நைந்துபோனால் சிரை சுருண்டு புடைக்கும். அப்புறம் கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும், கடைசியில் ஆறாத புண். உனக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ஹாஸ்டலுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படு. டாக்டர் சொன்னால் இறுக்கமான ஸ்டாக்கிங் காலையில் எழுந்ததுமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே.

இந்த வீக்கத்துக்கு முதல் மருந்து ஒரு ஸ்டூல். அது உனக்குச் சட்டம் கொடுத்தது என்று உன் சூப்பர்வைசருக்குத் தெரியுமோ என்னவோ, உனக்குத் தெரிய வேண்டும். நீ வேலை பார்க்கிற கேரளத்தில் 2018இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்காரர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண், ‘பெண்கூட்டு’ என்று கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடினாள். முதலில் கேட்டது கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிய பெண்கள் அவர்கள். (நீயும் அப்படித்தான் செய்கிறாய் என்று நினைக்கிறேன். தண்ணீர் குடி.) 2014இல் திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். நம் தமிழ்நாட்டில் அதே சட்டம் 2021இல்தான் வந்தது. சென்னை ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளைப் பற்றிய ‘அங்காடித் தெரு’ படம் 2010லேயே வந்து நாமெல்லாம் அழுதோம். அழுததற்கும் சட்டத்துக்கும் நடுவில் பதினோரு வருஷம்.

ஸ்டூல் கேட்கத் தனியாகப் போகாதே. நாலு பேராகப் போங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் உட்காருகிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். முடியாது என்றால் லேபர் ஆபீஸ் இருக்கிறது.

விரலிடுக்கு அரிப்பு சேற்றுப்புண்தான். இடவப்பாதி மழையில் திருவனந்தபுரம் தம்பானூரில் தேங்குகிற தண்ணீரில் நனைந்த காலோடு ராத்திரிவரை நின்றால் வேறென்ன வரும்? கடைக்குப் போனதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்து; பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும். குளோட்ரிமசோல் களிம்பு இரண்டு வேளை. அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு வாரம் தடவு. மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற ‘எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம்’ வாங்காதே. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும்.

அந்தத் தண்ணீரில் இன்னொன்றும் இருக்கிறது. விரலிடுக்கு வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். அதன் அடையாளம் காய்ச்சலோடு கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. உன்னைப்போல் நின்று வேலை செய்கிறவள், நின்ற வலி என்று நினைத்துப் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அதுதான் என் பயம். காய்ச்சலோடு கெண்டை வலியோ கண் சிவப்போ வந்தால் மழைத் தண்ணீரில் நடந்தேன் என்று டாக்டரிடம் சொல். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள சுகாதாரத் துறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது இதைத் தடுக்கத்தான். தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

செலவுக்கு யோசிக்காதே. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சீட்டில் பார். மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. பிடித்தால் பேரூர்க்கடை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் விதிப்படி சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும்.

கடைசியாக உன் அம்மா. உனக்குச் சொன்னது எதையும் அவளிடம் சொல்லாதே, அவள் தனக்கும் செய்துபார்ப்பாள். கால் ஆணிக்கு நீ கார்ன் கேப் ஒட்டலாம், சர்க்கரை உள்ள அவள் ஒட்டக்கூடாது. அந்த ஆசிட் மரத்த காலில் புண்ணாக்கினாலும் அவளுக்குத் தெரியாது. போன பொங்காலைக்கு ஆற்றுக்காலில் வெயில் ரோட்டில் வெறுங்காலோடு நின்றுவிட்டு, ‘சூடே தெரியல’ என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. இந்த வெள்ளிக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய், நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிற சோதனையைச் செய்து, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு அளவும் கொடுத்துவிட்டு வருகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று ராத்திரி போனில் சொல்கிறேன். நீ ஸ்டூல் விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்.

அன்புடன்,
பெரியம்மா