கட்டுமானத்திற்கு முன் நிலத்தை மதிப்பிடுதல்: பெருமாட்டியும் மூணாறும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், தமிழக எல்லைக்கு அண்மையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த பெருமாட்டி அமைந்துள்ளது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3000 மி.மீ.; கணவாயின் இக்கிழக்குப் பகுதி பெறுவதோ அதனினும் மிகக் குறைவு. இவ்வட்டத்தின் கிழக்கே கரிசல் மண்ணும் காணப்படுகிறது. மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும் மண் அது. ஆனைமலைக்கு அப்பால் தெற்கே இடுக்கி மாவட்டத்தில் நிலைமை முற்றிலும் வேறு: அங்கே செங்குத்தான சரிவுகள், கடும் பருவமழை, கெட்டிப் பாறையின்மேல் சிதைந்த செம்மண் போர்வை. இவ்விரு நிலங்களுக்கும் ஒரே வகை மண் ஆய்வைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

கரிசல் நிலத்தில் கேட்க வேண்டிய வினா எளியது: மண் எவ்வளவு உப்பும்? சல்லடையில் சலித்த உலர் மண்ணைச் சம அளவில் இரு குவளைகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, நீரில் உப்பும். இரண்டின் பருமன் வேறுபாடு 50 விழுக்காட்டைக் கடந்தால், சாதாரண ஆழமற்ற அடித்தளத்தை நம்புதல் கூடாது. ஈரப்பதம் பருவத்திற்கேற்ப மாறாத ஆழம்வரை சென்று, அடிப்பகுதி குமிழ் போல் விரிந்த தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்துப் பரப்பியது. இத்தகைய மண்ணுக்கு அது ஏற்ற தீர்வு.

மலைச்சரிவில் கணக்கு இவ்வளவு எளிதன்று. 63.5 கிலோகிராம் சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச் செய்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் ஊடுருவல் சோதனையை மாணவர் அறிவர். அது செங்குத்தாக வரும் பாரத்தை மண் தாங்குமா என்பதைக் கூறும். மண்ணே பக்கவாட்டில் நகருமா என்பதை அது மட்டும் கூறிவிடாது. மழைநீர் செம்மண்ணின் வழியே இறங்கிப் பாறையின்மேல் தேங்குகிறது. தேங்கும் நீரின் அழுத்தம் மண் துகள்களுக்கு இடையேயான பிடிப்பைத் தளர்த்துகிறது. சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்கு இருந்த முட்டுக்கொடையும் போகிறது.

மண் அரிப்பும் நிலச்சரிவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். அரிப்பை மதிப்பிட அமெரிக்க வேளாண் துறையினர் வகுத்த சமன்பாடு (1965, திருத்தம் 1978) மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், நிலப்போர்வை, காப்பு முறை ஆகியவற்றைப் பெருக்குகிறது. போர்வைக்கான எண் வெற்று நிலத்திற்கு 1. அடர்ந்த காட்டிற்கு 0.01 அல்லது அதனினும் குறைவு. ஆகவே மரங்களை வெட்டிச் சமன் செய்த நாளிலேயே அரிப்பு நூறு மடங்காகக் கூடும். ஆயினும் இச்சமன்பாடு ஆண்டுச் சராசரியைத்தான் தரும். ஒரே இரவில் நிகழும் சரிவைப் பற்றி அது பேசாது. அரிப்புக் கணக்கை மட்டும் இணைத்துவிட்டு 'நிலம் உறுதியானது' என்று எழுதும் அறிக்கை, கேட்ட வினாவுக்கு விடையளிப்பதாகாது.

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் இடையே உள்ள கேப் சாலையின் அனுபவம் அறியத்தக்கது. அகலப்படுத்தும் பணி 2017இல் தொடங்கியது; 2019இலும் 2020இலும் அங்கே பெருஞ்சரிவுகள் நேர்ந்தன. சரிந்த பாறையும் மண்ணும் சாலையோடு நில்லாமல் கீழிருந்த விளைநிலங்களையும் மூடின. சாலையின் மதிப்பீடு சாலையின் அகலத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

ஆய்வின் எல்லை மேல்நோக்கியும் செல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். சரிவு தொடங்கிய இடமோ லயங்களுக்கு வெகு மேலே, மலையில் இருந்தது. வீட்டடியில் தோண்டிப் பார்க்கும் எந்தக் குழியும் இவ்வபாயத்தைக் காட்டியிராது. மேலுள்ள நீரோடைகளும் பழைய சரிவுகளின் தழும்புகளும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். மலைப்பகுதிகளை அபாய அளவுக்கேற்ப வகைப்படுத்த இந்தியத் தர நிறுவனம் 1998இலேயே வழிமுறை வகுத்திருக்கிறது.

கேரளத்தின் மலைச்சரிவுகளில் மற்றொரு நுட்பமான இடரும் உண்டு: மேற்பரப்பு அசையாதிருக்க, உள்ளே நீர் மண்ணைக் கரைத்துக் குகை போல் வழி அமைத்துக்கொள்வது. இதனை அறிய ஒரு மலிவான சோதனை போதும். சிறு மண் உருண்டையைத் தெளிந்த வடிநீரில் இட்டுப் பார்க்க வேண்டும். சுற்றிலும் பால் போல் கலங்கினால் அம்மண் தானே பிரிந்து கரையும் இயல்புடையது எனக் கொண்டு, முழு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

நிர்வாக நடைமுறையில் ஒரு குறை தொடர்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டும் என்பதால் ஆய்வுக் குழிகள் பெரும்பாலும் மாசி, பங்குனியில் தோண்டப்படுகின்றன. அப்போது நீர்மட்டம் அடியில் கிடக்கும். மலை உறுதியாகவே தோன்றும். குழிகளில் துளைக்குழாய்களைப் பொருத்தி, ஆனி முதல் ஒரு பருவமழை முழுவதும் நீர்மட்டத்தை அளந்த பின்னரே வெட்டுச் சரிவின் கோணத்தை முடிவு செய்தல் முறை. மதிப்பீட்டுப் பட்டியலில் சரிவின் தலைப்பில் அமையும் வடிகாலை மண் வெட்டும் பணிக்கு முந்தைய இனமாகவே வைக்க வேண்டும். இறுதி இனமாக வைத்தால், முதல் மழை அதற்கு முன்பே வந்துவிடுகிறது.