சலவைத் தூளும் நூலின் வலுவும்

"சிட்டம் நன்றாக வெளுத்தது, தறியில் ஏற்றியதும் இழை அறுந்துகொண்டே இருக்கிறது" என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. குற்றம் நூற்பாலையின்மீது சுமத்தப்படுகிறது. சலவைத் தொட்டியையும் சற்று நோக்குவோம்.

நீற்றிய சுண்ணாம்பின்மீது குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பதே சலவைத் தூள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டென்னன்ட் 1799-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நல்ல தூளில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு வரை வெளுக்கவல்ல குளோரின் உண்டு. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பட்டால் அது சிறிது சிறிதாக அகன்றுவிடும். ஒரு சங்கத்தில் நாம் இருப்பைத் தணிக்கை செய்தபோது, மூடியின்றிக் கிடந்த பீப்பாயின் எடை பேரேட்டுக்குச் சரியாகவே இருந்தது. ஈரம் ஏறியிருந்தது, குளோரின் போயிருந்தது!

இத்தூள் நிறத்தை மட்டுமன்றிப் பஞ்சின் செல்லுலோஸையும் தாக்கும். தொட்டி நீர் காரமாக உள்ளவரை தாக்குதல் குறைவு. காரம் குன்றி நடுநிலையை நெருங்குகையில்தான் நூல் மிகவும் நலிகிறது. ஆகவே தெளிந்த நீரை மட்டும் வடித்துப் பயன்படுத்துக. வெந்நீர் கலத்தல் ஆகாது. வெளுத்தபின் அலசி, புகைப்படக்காரர் பயன்படுத்தும் ஹைப்போ உப்பைச் சிறிது கரைத்த நீரில் தோய்த்தால், எஞ்சிய குளோரின் அழியும். மீண்டும் அலசுக.

விரைவில் வெளுக்கட்டும் என்று தொட்டியிலேயே அமிலம் ஊற்றுவோரும் உளர். அப்போது எழும் மஞ்சட்பச்சை வாயு குளோரினே. 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களை மாய்த்ததும் அதுவே. அமிலத் தோய்ப்பு அவசியமாயின், ஹைப்போவிட்டு அலசிய நூலை வேறு தொட்டியில், காற்றோட்டமான இடத்தில் தோய்க்க.