தடுப்பூசி மறுப்போரைப் பொது இடங்களில் தடுப்பது நியாயமா?



தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுப்பவர்களை உணவுக்கடை, வேலைத்தலம், பள்ளிக்கூடம், பிரயாணம் முதலிய பொது வாழ்வின் வாசல்களில் தடுத்து நிறுத்தலாமா? கொரோனா நோய்க்காலத்தில் நம்மவர் பலர் இதைப் பற்றி வாதாடினார்கள். அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியதும் உண்டு. இப்போது சூடு ஆறிவிட்டது. ஆறிய பிறகு நிறுத்தால்தான் தராசு சரியாக நிற்கும். ஆகையால் இந்த மாதப் பாடமாக இவ்விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

நான் ஆலிமும் அல்லன், டாக்டரும் அல்லன். கடை வைத்திருப்பவன். எனினும் இந்தத் தடை நடைமுறைக்கு வந்தபோது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள் கடைக்காரர்கள்தாம். எனவே இது நாமும் சிந்திக்க வேண்டிய விஷயமே.

1. நமக்குப் புதிதன்று

நம் பாட்டனார் காலத்தில் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனார்கள். கீழ்த்திசையிலிருந்து செங்கடலுக்குள் நுழையும் ஹாஜிகளின் கப்பல்கள் காமரான் தீவில் நிறுத்தப்பட்டு, பிரயாணிகள் பரிசோதிக்கப்பட்ட பின்பே ஜித்தாவுக்கு விடப்பட்டன. திரும்பி வரும்போது சிங்கப்பூர்க் கரையோரத்திலுள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவிலும், பினாங்குக் கரையோரத்திலுள்ள ஜெரஜாக் தீவிலும் இதே போன்ற தனிமை நிலையங்கள் இருந்தன. வாந்திபேதியும் பெரியம்மையும் கப்பலோடு கரையேறிய காலம் அது.

இன்றும் ஹஜ் செய்ய நாடுவோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே ஆகவேண்டும். 1987-ம் ஆண்டு ஹஜ்ஜின்போது இந்நோய் பரவி, ஹாஜிகளோடு பல நாடுகளுக்கும் சென்றது. அதன் பிறகு சவூதி அரசாங்கம் ஊசியைக் கட்டாயமாக்கிற்று. 2000, 2001-ம் ஆண்டுகளில் வேறொரு வகைக் கிருமி கிளம்பியது. ஹாஜிகள் மட்டுமல்ல, மக்காவின் திசைக்கே பிரயாணம் செய்யாமல் வீட்டிலிருந்த உறவினர்களும் நோயில் விழுந்தார்கள். 2001-ல் சிங்கப்பூர் திரும்பிய ஹாஜிகளிற் சிலரைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய ஆறில் ஒருவருடைய தொண்டையில் கிருமி இருந்தது. அவர்களுக்கோ நோய் இல்லை. ஆனால் கிருமியைச் சுமந்து வந்திருந்தார்கள். 2002 முதல் நான்கு வகைக் கிருமிகளுக்கும் எதிரான ஊசி கட்டாயமாயிற்று.

இதைக் குறித்து, “எனது இபாதத்தை ஓர் ஊசி தடுப்பதா?” என்று நம்மில் யாரும் கொடி பிடிக்கவில்லை. லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் நெருங்கும் இடத்தில் ஒருவருடைய உடம்பு அவருக்கு மட்டுமே சொந்தமான விஷயமாக இருப்பதில்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

2. மார்க்கத்தில் இதற்கு உவமை உண்டா?

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருப்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட ஹலரத் உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னும் இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஆகவே, தற்காத்துக்கொள்வது தவக்குலுக்கு விரோதம் என்று சொல்வது சரியன்று.

இதைவிட நம் கேள்விக்கு நெருங்கிய உவமை ஒன்று உண்டு. வெங்காயமோ பூண்டோ பச்சையாகத் தின்றவர் பள்ளிவாசலை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. இதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். வெங்காயம் ஹலால். தின்றவர் பாவியல்லர். அவருக்கு அபராதமில்லை, அடியில்லை, ஏச்சுமில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை என்ற ஒரே காரணத்தால், கூட்டத்திலிருந்து மட்டும் விலகச் சொல்லப்படுகிறார். வாடை போய்விட்டால் தடையும் போய்விடும்.

இதிலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, தடை வேறு, தண்டனை வேறு. இரண்டாவது, பிறருக்கு வரும் தொல்லைதான் தடைக்குக் காரணம். ஆளின் மீதுள்ள கோபம் காரணமன்று. மூன்றாவது, காரணம் நீங்கினால் தடையும் நீங்க வேண்டும்.

3. மறுப்பவர்கள் எல்லோரும் ஒரே வகையா?

அல்லர். மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் போட்டுக்கொள்ள இயலாதவர்கள். மருந்து உடம்புக்கு ஒவ்வாதவர், சில கடும் நோய்களுக்குச் சிகிச்சை பெறுபவர், வயது நிரம்பாத குழந்தைகள் ஆகியோர். இவர்களைத் தடுப்பது அநியாயம். உண்மையில் மற்றவர்கள் போட்டுக்கொள்வதே இவர்களைக் காப்பாற்றத்தான்.

இரண்டாம் வகையினர் அச்சமோ சந்தேகமோ உள்ளவர்கள். மருந்தில் ஹராமான பொருள் கலந்திருக்குமோ என்ற சந்தேகமும் இதில் அடங்கும். அந்தச் சந்தேகம் கேலிக்குரியதன்று. 2010-ல் இந்தோனேசிய உலமாக்கள் சபை ஹாஜிகளுக்கான மூளைக்காய்ச்சல் ஊசிகளை ஆராய்ந்து, ஒன்றை ஹராம் என்றும் வேறு இரண்டை ஹலால் என்றும் தீர்ப்பளித்தது. விசாரித்தார்கள், மாற்று வழி கிடைத்தது, ஹஜ்ஜும் நடந்தது. கொரோனா ஊசியைப் பற்றியும் 2020 டிசம்பரிலேயே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மார்க்கத் தலைமைகள் ஆராய்ந்து அனுமதியளித்தன.

மூன்றாம் வகையினர் கொள்கையாகவே எதிர்ப்பவர்கள். “என் உடம்பு, என் உரிமை” என்பது இவர்கள் வாதம். இவ்வாதத்தில் பாதி சரி. ஒருவருடைய கையைப் பிடித்து இழுத்து ஊசி குத்துவது எந்த நாகரிக சமுதாயத்துக்கும் அழகன்று. ஆனால் மற்றப் பாதியில் பிசகு இருக்கிறது. தட்டம்மை வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பின்பும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி காற்றில் நிற்கும். பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடும். அதை அடக்கி வைக்க நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு வேண்டும். என் உடம்பு என்பது சரி. என் மூச்சு அடுத்தவருடைய பிள்ளையின் மூக்குக்குள் போகும்போது அது என்னுடைய விஷயம் மட்டுமன்று.

4. சரித்திரம் கூறும் படிப்பினை

இங்கிலாந்தில் 1853-ல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. 1867-ல் சட்டம் மேலும் இறுகியது. ஒரே பிள்ளைக்காகத் தகப்பன்மார் திரும்பத் திரும்ப அபராதம் கட்ட நேர்ந்தது. கட்ட முடியாத ஏழைகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. சிலர் சிறைக்கும் சென்றார்கள். எதிர்ப்பு குறையவில்லை, வளர்ந்தது. 1885-ல் லெஸ்டர் நகரில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. முடிவில் 1898-ல், மனச்சாட்சி இடந்தரவில்லை என்று கூறும் பெற்றோருக்குச் சட்டமே விலக்களித்தது. ஏழையின் சட்டியையும் பானையையும் பிடுங்கிச் சுகாதாரத்தை வளர்க்க முடியாது என்பது இதன் படிப்பினை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா தீவு நாட்டில் 2018-ல் தாதிமார் மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஜனங்கள் ஊசியின் மீதே நம்பிக்கை இழந்தார்கள். போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை நூற்றுக்கு ஏறத்தாழ 31 என்ற அளவுக்கு இறங்கிற்று. 2019-ல் தட்டம்மை புகுந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஜனங்களே உள்ள அந்நாட்டில் 83 பேர் மாண்டார்கள்; பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அரசாங்கம் அவசர நிலை பிறப்பித்து, ஊசியைக் கட்டாயமாக்கி, குழந்தைகள் பொதுக் கூட்டங்களுக்கு வருவதைத் தடுத்தது. டிசம்பர் 5, 6 தேதிகளில் கடைகண்ணிகளெல்லாம் அடைக்கப்பட்டன. ஊசி போடாதவர் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, மருத்துவக் குழுக்கள் வீடு வீடாகப் போயின. நோய் அடங்கிற்று. அந்நேரத்தில் தடை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் முதலில் உடைந்தது நம்பிக்கை. அதை ஆரம்பத்திலேயே ஒட்டியிருந்தால் தடைக்கே அவசியம் வந்திராது.

மலேசியாவிலும் எச்சரிக்கை வந்ததுண்டு. 1992-க்குப் பிறகு காணாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தையொன்றிடம் காணப்பட்டது.

5. நம் நாடுகளில் நடந்தது

சிங்கப்பூரில் சட்டப்படி குழந்தைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அழற்சி நோய் ஆகிய இரண்டுக்கும் ஊசி கட்டாயம். கொரோனா ஊசி அப்படிப் பெரியவர்களுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. தடை வேறு வழியில் வந்தது. 2021 அக்டோபர் 13 முதல் ஊசி போடாதவர்கள் உணவங்காடி நிலையத்திலும் கோப்பிக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிடவும், பெரிய கடைத்தொகுதிகளில் நுழையவும் தடை ஏற்பட்டது. உணவை வாங்கிச் செல்லத் தடையில்லை. சிறு குழந்தைகளுக்கும், அண்மையில் நோய் கண்டு தேறியவர்களுக்கும் விலக்கு இருந்தது. டிசம்பர் 8 முதல், தாமாக ஊசியை மறுத்தவர்கள் கொரோனா சிகிச்சைச் செலவைத் தாமே ஏற்க வேண்டியதாயிற்று. 2022 ஜனவரி 15 முதல் வேலைத்தலத்துக்கும் வர இயலாது. ஏப்ரல் 26-ல் தடைகளிற் பெரும்பாலானவை தளர்ந்தன. அக்டோபர் 10-ல் எஞ்சியவையும் நீங்கின. மலேசியாவில் 2021 அக்டோபர் 11 முதல் ஊசி போட்டவர்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கிடைத்தது. 2022 மே முதல் தேதி கடை வாசல் தடை நீங்கியது.

இவற்றுள் எது நியாயம்? உள்ளே உட்கார விடாமல், உணவை மட்டும் கட்டிக் கொடுத்தது வெங்காய உவமைக்கு ஒத்திருக்கிறது. கூட்டத்திலிருந்து விலக்கு, சோற்றிலிருந்து விலக்கில்லை. டெல்டா வகைக் கிருமி பரவி, ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பிய நேரம் அது. ஊசி போடாதவர்களே அதிகமாகக் கடும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் படுக்கையை அடைத்தால் மாரடைப்பு வந்த இன்னொருவருக்கு இடமில்லை.

வேலைத்தலத் தடையோ கனமானது. எங்கள் பக்கத்துக் கடையில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான சிப்பந்தி ஒருவர் ஊசிக்கு அஞ்சி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை வீட்டிலிருந்தார். முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்து வந்ததால் அடுப்பெரிந்தது. அப்படிப்பட்ட முதலாளி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதோடு, அந்நேரம் பரவிய ஓமிக்ரான் வகை ஊசி போட்டவர்களையும் எளிதில் தொற்றிற்று. கடும் நோயை ஊசி தடுத்தது; பரவுவதை முன்போல் தடுக்கவில்லை. ஆகவே பிறருக்குத் தொற்றும் என்ற காரணம் மெலிந்தபோது தடையும் மெலிய வேண்டியதே. சில மாதங்களில் அது நீக்கப்பட்டதும் சரியே. இன்னும் முன்பே நீக்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

6. ஐந்து படிக்கற்கள்

இனி எந்த நோய் வந்தாலும், தடையைப் பின்வரும் ஐந்து படிக்கற்களால் நிறுத்துப் பார்க்கலாம்.

(அ) நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதா? நாய்க்கடி நஞ்சுக்கோ, துருப்பிடித்த ஆணியால் வரும் ரணஜன்னிக்கோ ஊசி மறுப்பவர் தமக்கே கேடு செய்துகொள்கிறார். அவருக்குப் புத்தி சொல்லலாம். வாசலில் தடுக்க நியாயமில்லை.

(ஆ) ஊசி பரவுதலை மெய்யாகவே குறைக்கிறதா? குறைக்காவிட்டால், ஆஸ்பத்திரி நிரம்பி வழிவது போன்ற வேறு பலமான காரணமாவது வேண்டும்.

(இ) இயலாதவர்களுக்கு விலக்கு உண்டா?

(ஈ) உணவு, மருந்து, சிகிச்சை ஆகிய மூன்றின் வாசலும் திறந்திருக்கிறதா? ஒருவருடைய பிழைப்பைத் தொடும் தடைக்கு மற்றெல்லாவற்றையும்விட வலுவான காரணம் தேவை.

(உ) காரணம் நீங்கியதும் தடை நீங்குமா?

ஐந்துக்கும் சரியான விடை கிடைத்தால் தடை நியாயம். ஒன்று குறைந்தாலும் அதைத் தளர்த்தக் கோருவது நம் கடமை.

7. வியாபாரிகளின் கடமை

சட்டம் வாசலில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்; ஆனால் இழிவுபடுத்த வேண்டாம். “அண்ணே, உள்ளே உட்கார முடியாது, என்ன வேண்டும் சொல்லுங்கள், கட்டித் தருகிறேன்” என்று சொல்வதற்குக் காசு செலவில்லை. சிப்பந்தி தயங்கினால் அதட்டுவதைவிட, அவர் மொழி பேசும் டாக்டரிடம் அரை நாள் சம்பளத்தோடு அனுப்பி வையுங்கள். உறுதியாகத் தெரியாத செய்தியைக் கைத்தொலைபேசியில் பரப்பாதீர்கள். கலப்படச் சரக்கை விற்பதற்கும் அதற்கும் வேற்றுமையில்லை.

பெரியம்மையை இயற்கையாகப் பெற்ற கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்க்கா நகர ஆஸ்பத்திரியில் சமையற்காரராக இருந்த அலி மாவ் மாலின் என்பவர். வலிக்குப் பயந்து ஊசியைத் தவிர்த்து வந்தவர். 1977 அக்டோபரில் நோய் கண்டு, பிழைத்தார். 1980-ல் அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே மனிதர் பிற்காலத்தில் போலியோ மருந்துக்காகத் தம் நாட்டுத் தாய்மாரிடம் சென்று, தம் கதையைச் சொல்லியே அவர்கள் மனத்தை மாற்றினார். 2013-ல் அவ்வேலையிலிருக்கும்போதே காலமானார்.

நேற்று மறுத்தவரே நாளை ஊராரை அழைத்து வருபவராக மாறக்கூடும். ஆகவே தடை போட நேர்ந்தாலும், அவர் திரும்பி வர ஒரு கதவைத் திறந்தே வைப்போமாக. வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் நோய்நொடியிலிருந்து காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.